விரல் நசுங்கி நகம் கறுத்துப்போச்சா? முதல் 10 நிமிடத்திலிருந்து 6 மாதம் வரை செய்ய வேண்டியவை

டவுன் பஸ்ஸின் ஜன்னல் ஷட்டர் தடாலென்று விழும். கார் கதவை யாராவது அவசரமாகச் சாத்துவார்கள். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகும்போது சுவருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரல் மாட்டும். ஆணியைக் குறிபார்த்த சுத்தியல் கட்டைவிரலைப் பதம்பார்க்கும். கண்ணில் பூச்சி பறக்கும். கொஞ்ச நேரத்தில் நகத்துக்குள் சிவப்பாக ஏதோ பரவும். சாயங்காலத்துக்குள் அது கருநீலமாகிவிடும். ராத்திரி படுத்தால் நெஞ்சில் துடிக்க வேண்டியது விரல் நுனியில் துடிக்கும்.

இப்படி நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்வதை மருத்துவத்தில் 'சப்அங்குவல் ஹீமடோமா' என்பார்கள். பெயர்தான் பெரிசு. பெரும்பாலானவை வீட்டிலேயே ஆறிவிடும். ஆனால், இதில் நம்மாட்கள் இரண்டு விதமாகச் சொதப்புவது உண்டு. எலும்பே உடைந்திருந்தாலும் "சும்மா கன்னிப்போச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று விட்டுவிடுவது ஒரு விதம். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, நகத்தில் தானே ஓட்டை போட்டுக்கொள்வது இன்னொரு விதம். இரண்டுமே விரலுக்கு ஆபத்து.

எதுவரை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எந்த இடத்தில் டாக்டரிடம் போயே ஆகவேண்டும் என்பது தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இத்தனூண்டு விரலில் ஏன் அவ்வளவு வலி?

தொடையில் அடிபட்டால் வீங்கும், கன்றும், தொட்டால் வலிக்கும். ஆனால், உயிர் போகிற மாதிரி விண்விண்ணென்று தெறிக்காது. அங்கே கசிந்த ரத்தம் பரவுவதற்குச் சதை இருக்கிறது. தோலும் நெகிழ்ந்து கொடுக்கும்.

விரல் நுனியில் அந்த வசதி இல்லை. மேலே கெட்டியான நகம். கீழே விரலின் கடைசி எலும்பு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய விரிப்பு மாதிரி ஒரு திசு. அதுதான் நகப்படுக்கை. ரத்தக்குழாய்களும் நரம்பு முனைகளும் அதில் நெருக்கமாக இருக்கின்றன. விரல் நசுங்கும்போது அந்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் கசிகிறது. மேலே போக நகம் விடாது, கீழே போக எலும்பு விடாது. மாட்டிக்கொண்ட ரத்தம் நகப்படுக்கையை அழுத்துகிறது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அந்த அழுத்தம் ஒரு சுற்று ஏறி இறங்குகிறது. வலி துடிப்புத் துடிப்பாக வருவது அதனால்தான். கையைத் தொங்கவிட்டால் அது கூடுவதும், தூக்கிப் பிடித்தால் குறைவதும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு இடத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். நகத்தின் அடியில் வெள்ளையாகப் பிறை மாதிரி தெரியுமே, அதுவும், அதை ஒட்டித் தோலுக்குள் மறைந்திருக்கும் பகுதியும்தான் நகம் உற்பத்தியாகும் இடம். நக வேர் என்று வைத்துக்கொள்வோம். நகத்தின் நுனி உடைந்தால் தானாக வளர்ந்துவிடும். வேர் கிழிந்து, சரியாக ஒட்டாமல் ஆறிப்போனால், அதன் பிறகு வரும் நகம் ஆயுசுக்கும் பிளந்தோ, மேடும் பள்ளமுமாகவோதான் வளரும். அடிபட்ட விரலில் நாம் முக்கியமாகக் காப்பாற்ற வேண்டியது இந்த வேரைத்தான். நகம் என்ன கலரில் இருக்கிறது என்ற கவலையெல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் 10 நிமிடம்: இதை மட்டும் செய்ங்க

மோதிரத்தைக் கழற்றுங்கள்: முதல் வேலை இதுதான். அடிபட்ட விரலில் மட்டுமல்ல, அந்தக் கையில் இருக்கும் எல்லா மோதிரத்தையும். அரை மணி நேரம் போனால் வீக்கம் வந்துவிடும். அப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சோப்பு நுரையோ, தேங்காய் எண்ணெயோ தடவினால் வழுக்கிக்கொண்டு வரும்.

கழுவுங்கள்: தோல் கிழிந்திருந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் விரலைக் காட்டி, சோப்பு போட்டு மெதுவாகக் கழுவுங்கள். தோல் கிழியவில்லை என்றால் கையை ஒருமுறை சுத்தம் செய்தால் போதும்.

ரத்தம் வந்தால் அழுத்துங்கள்: சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். 'நின்னுடுச்சா?' என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் கலைந்து மறுபடி வரும்.

ஐஸ் வையுங்கள்: ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுங்கள். நேரடியாகத் தோலில் வைத்தால் குளிரே தோலைப் புண்ணாக்கிவிடும். வீட்டில் ஐஸ் இல்லையா? ஃப்ரீஸரில் இறுகிக்கிடக்கும் பால் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக்கொள்ளலாம். வெளியில் இருந்தால் பெட்டிக்கடையில் ஒரு குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வாங்கி, அதன்மேல் விரலைச் சாய்த்து வையுங்கள். ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் உள்ளே கசியும் ரத்தம் குறையும். அதனால்தான் ஐஸுக்கு முதல் சில நிமிடங்கள் ரொம்ப முக்கியம்.

கையை உயர்த்துங்கள்: அடிபட்ட கையை எதிர்ப்பக்கத் தோளில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். விரல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருந்தாலே துடிப்பு குறைவது தெரியும்.

ஒரு போட்டோ எடுங்கள்: ஸ்டேட்டஸ் போட அல்ல. நகத்தின் அடிப்பகுதி தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு குளோஸ்-அப். டாக்டரிடம் காட்டவும், சில வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இது உதவும். எப்படி என்று பின்னால் சொல்கிறோம்.

கொஞ்சம் வலி அடங்கியதும் ஒரு சின்ன சோதனை. விரலின் கடைசி மூட்டை மட்டும் மெதுவாக மடக்கி, நீட்டிப் பாருங்கள். வலிக்கும், ஆனால் அசைய வேண்டும். நுனியைத் தொட்டால் உணர்வு இருக்க வேண்டும். விரல் நுனி நீட்ட முடியாமல் குனிந்தே நின்றால், அதை நீட்டும் தசைநார் அறுந்திருக்கலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரிசெய்யலாம். விரலை நீட்டிய நிலையிலேயே வைக்கும் சின்ன ஸ்ப்ளின்ட் ஒன்றை 6 முதல் 8 வாரம் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும். 'வலி குறைஞ்சதும் பார்க்கலாம்' என்று விட்டால் விரல் வளைந்தபடியே நின்றுவிடும்.

அடுத்த 2 நாள்

நகமும் விரலும் நேராக இருந்து, வலி தாங்குகிற அளவில் இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் ஐஸ். தூங்கும்போது இரண்டு தலையணைக்கு மேல் கை. இரவில்தான் வலி அதிகமாகத் தெரியும் என்பதால் இந்தத் தலையணையை மறந்துவிடாதீங்க.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்கள் 500 அல்லது 650 மி.கி. மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளலாம். அடுத்த மாத்திரைக்குக் குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஒரு நாளில் நான்கு மாத்திரைக்கு மேல் தேவைப்படுகிற வலி என்றால், அது மாத்திரையைக் கூட்ட வேண்டிய வலி இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டிய வலி. கல்லீரல் பிரச்னை உள்ளவர்களும், தினமும் குடிக்கிறவர்களும் கேட்காமல் போடக் கூடாது. மெடிக்கலில் "வலிக்கு நல்லா கேக்குற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கும் மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

விரல் எதிலும் இடிக்காமல் இருக்க, மெல்லிய காஸ் துணி வைத்து மேலே தளர்வாக ஒரு பிளாஸ்திரி போடலாம். இரண்டாவது நாளிலிருந்து விரலை மெதுவாக அசைக்கப் பழக்குங்கள். அப்படியே விட்டால் மூட்டு இறுகிக்கொள்ளும். கட்டுப் போட்ட விரல்தான் போனை அன்லாக் செய்யும் விரல் என்றால், வேறொரு விரலின் ரேகையையும் இப்போதே பதிந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப்பையும் கறுத்த நகத்தில் மாட்டாமல் வேறு விரலில் மாட்டச் சொல்லுங்கள்.

இதெல்லாம் வேண்டாமே!

நீவிவிடுவது: சுளுக்கு எடுக்கிற மாதிரி விரலைப் பிடித்து இழுப்பது, நீவுவது, சொடக்கு எடுப்பது எதுவும் கூடாது. உள்ளே மெல்லிய விரிசல் இருந்தால் அது விலகிப்போகும்.

வெந்நீர் ஒத்தடம்: முதல் 48 மணி நேரம் வேண்டாம். சூடு ரத்தக்குழாய்களை விரிக்கும். கசிவும் வீக்கமும் கூடும்.

மஞ்சள் சுண்ணாம்புப் பத்து, காபித்தூள், டூத்பேஸ்ட்: பாட்டி காலத்திலிருந்து ரத்தக்கட்டுக்குப் பத்துப் போடுகிறோம், உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு காரம் உள்ள பொருள். கிழிந்த தோலிலும் நகப்படுக்கையிலும் பட்டால் புண்ணாக்கும். காபித்தூள் ரத்தத்தை நிறுத்துகிற மாதிரி தெரியும். காயத்துக்குள் அழுக்கையும் கிருமியையும் சேர்க்கும். இது போதாதென்று, தையல் போடும் டாக்டர் முதலில் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வலி தனி.

எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகுவது: இது நகச்சுற்றுக்குச் செய்கிற கை வைத்தியம். நகச்சுற்று என்பது நகத்தின் ஓரத்தில் கிருமி புகுந்து சீழ் வைப்பது. இங்கே நடந்திருப்பது அடி. இரண்டும் வேறு.

இறுக்கிக் கட்டுவது: வீக்கம் குறையட்டும் என்று இழுத்துக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்படும். கட்டுக்கு மேலே விரல் நுனி மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ உடனே தளர்த்துங்கள்.

நகத்தில் ஓட்டை: வைத்தியம்தான், ஆனா வீட்டு வைத்தியம் இல்லை!

சூடு பண்ணின பேப்பர் கிளிப்பால் நகத்தில் ஓட்டை போட்டதும் ரத்தம் பீச்சி அடிக்கும். உடனே வலி போய்விடும். வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். இது கட்டுக்கதை இல்லை. டாக்டர்கள் உண்மையிலேயே செய்கிற சிகிச்சைதான். நகத்துக்கு உணர்வு கிடையாது என்பதால், சரியாகச் செய்தால் பெரிதாக வலிக்காது. உள்ளே அடைபட்ட ரத்தம் வெளியேறியதும் அழுத்தம் இறங்கி, வலி சட்டென்று குறையும். ரத்தம் உறைந்து கெட்டியாவதற்குள், அதாவது முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் செய்தால்தான் பலன். வலி தாங்க முடியவில்லை என்றால் 'நாளை மறுநாள் பார்ப்போம்' என்று தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

அப்படியானால் வீட்டில் செய்தால் என்ன? மூன்று சிக்கல்கள். முதலாவது, நகத்துக்கு அடியில் எலும்பு உடைந்திருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. உடைந்த எலும்புக்கு நேர் மேலே சுத்தமில்லாத ஊசியால் ஒரு வழி போட்டுக் கொடுத்தால், கிருமி நேராக எலும்புக்கே போகலாம். எலும்பில் சீழ் பிடித்தால் அதைக் குணப்படுத்த வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். இரண்டாவது, எவ்வளவு ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்ற கைப்பக்குவம். ஒரு மில்லிமீட்டர் அதிகம் போனால் நகப்படுக்கையே வெந்துவிடும். மூன்றாவது, தீ. ஒட்டு நகம், ஜெல் நகம், நெயில் பாலிஷ், அதை அழிக்கும் ரிமூவர் இவற்றில் பல எளிதில் தீப்பிடிப்பவை. விரலில் வைத்துக்கொண்டே பழுத்த கம்பியைப் பக்கத்தில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மருத்துவமனைக்குப் போனாலும் நகத்தில் இப்படி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சந்தேகம் வரும். நகம் பாதிக்கு மேல் கறுத்துவிட்டால் நகத்தையே பிடுங்க வேண்டுமா? ஒரு காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. இப்போது நகமும் அதன் ஓரங்களும் உடையாமல் இருந்தால், கறுப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றினாலே பெரும்பாலும் போதும் என்கிறார்கள். வலியே இல்லை என்றால் அந்தத் துளைகூடத் தேவையில்லை. கறுப்பு மட்டும் இருந்து வலி இல்லாத நகத்தை அப்படியே விட்டுவிடலாம்.

இந்த அறிகுறி இருந்தா நேரா டாக்டர்தான்

* ஐஸ், மாத்திரை, தலையணை எல்லாம் செய்தும் தூங்க முடியாத அளவுக்குத் துடிக்கும் வலி.
* நகம் பிளந்திருப்பது, ஒரு பக்கம் பெயர்ந்திருப்பது, நகத்தின் அடிப்பகுதி தோல் மடிப்பிலிருந்து வெளியே தூக்கி நிற்பது.
* நகத்தின் குறுக்காகவோ, நகத்தைச் சுற்றியோ ஆழமான வெட்டு.
* 10 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காத ரத்தம்.
* விரல் கோணலாக இருப்பது, நுனியை மடக்கவோ நீட்டவோ முடியாமல் இருப்பது, மரத்துப்போவது.
* அழுக்கான, துருப்பிடித்த பொருளில் பட்ட காயம். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது போட்டோம் என்றே ஞாபகம் இல்லாவிட்டாலோ ஊசி தேவைப்படும். இதற்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.
* சர்க்கரை நோய், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. இதில் ஏதாவது இருந்தால், அடி சின்னதாகத் தெரிந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.
* சில நாள் கழித்து வலி குறையாமல் கூடுவது, சிவந்து சூடாக இருப்பது, சீழ், கெட்ட நாற்றம், கையில் மேல்நோக்கிப் போகும் சிவப்புக் கோடு, காய்ச்சல். இவை கிருமித்தொற்றின் அடையாளங்கள்.

எலும்பு உடைந்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. 'விரலை அசைக்க முடியுதே, அப்ப எலும்பு உடையலை' என்பது தப்புக் கணக்கு. நுனி எலும்பில் விரிசல் இருந்தாலும் விரல் அசையும். சந்தேகம் இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

ஒருவேளை விரல் நுனியே துண்டாகிவிட்டால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு இறுக்கி மூடி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வைத்து உடனே மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். துண்டை நேரடியாக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும்.

குழந்தை விரல்: இன்னும் கொஞ்சம் கவனம்

கதவிடுக்கில் விரல் மாட்டுவது குட்டிப் பசங்களுக்கு ரொம்ப சகஜம். கீல் இருக்கும் பக்கம்தான் ஆபத்து. அந்த இடுக்கில் கை வைக்கலாம் என்று அவர்களுக்கு மட்டும்தான் தோன்றும். குழந்தைகளின் விரல் எலும்பில், நக வேருக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே, எலும்பு வளரும் பகுதி இருக்கிறது. அங்கே முறிவு ஏற்பட்டால் வெளியே தெரிவதெல்லாம் தோல் மடிப்பிலிருந்து தூக்கி நிற்கும் நகமும், கொஞ்சம் ரத்தமும், லேசாகக் குனிந்த விரல் நுனியும்தான். 'நகம்தானே பெயர்ந்திருக்கு' என்று பிளாஸ்திரி போட்டு விட்டுவிட்டால், எலும்பு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம், எலும்பில் தொற்றும் வரலாம். அதனால் குழந்தைக்கு நகத்தின் அடிப்பகுதியில் ரத்தம் வந்தால் யோசிக்காமல் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

தடுக்கும் வழி சுலபம். கதவில் மாட்டும் 'சி' வடிவ ஃபோம் ஸ்டாப்பர் ஆன்லைனில் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், ஒரு பழைய துண்டைக் கதவின் மேல் போட்டுவிடுங்கள். கதவு முழுசாகச் சாத்தாது.

நகம் விழுந்துடுமா?

விழலாம். ரத்தம் நிறையக் கட்டியிருந்தால் நகம் படுக்கையிலிருந்து விலகி, சில வாரத்தில் தானாகக் கழன்றுவிடும். பார்க்க பயமாக இருக்கும். வேர் நன்றாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அடியில் புது நகம் ஏற்கெனவே கிளம்பியிருக்கும்.

இந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. ஆடுகிற பல்லை நாக்கு தேடிப்போகிற மாதிரி, ஆடுகிற நகத்தை இன்னொரு கை தேடிப்போகும். பிடுங்காதீங்க. பழைய நகம்தான் இப்போதைக்கு அந்தப் படுக்கைக்கு இயற்கையான கட்டு. தூக்கிக்கொண்டு துணியில் மாட்டுகிற பகுதியை மட்டும் நகவெட்டியால் கத்தரித்துவிட்டு, மிச்சத்தை பிளாஸ்திரி போட்டு ஒட்டி வையுங்கள். நகம் முழுசாகக் கழன்றுவிட்டால், படுக்கை ஈரமாகவும் தொட்டால் கூசுவதாகவும் இருக்கும். தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிசாக பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத காஸ் வைத்துக் கட்டுங்கள். வெறும் பஞ்சை வைக்காதீர்கள்; ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது உயிர் போகும். ஒரு வாரம், பத்து நாளில் அந்த இடம் காய்ந்து கெட்டிப்படும். அதுவரை பாத்திரம் தேய்க்க, துணி துவைக்கக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போ பழைய மாதிரி ஆகும்?

கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அந்தக் கணக்குப்படி ஒரு நகம் முழுசாகப் புதுப்பிக்க 4 முதல் 6 மாதம் ஆகும். கால் நகத்தின் வேகம் அதில் பாதிதான். கால் பெருவிரல் நகம் முழுசாக மாற ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். உறைந்த ரத்தத்தைக் கரைக்க எந்த கிரீமாலும் முடியாது. அது நகத்தோடு சேர்ந்து நகர்ந்து, நுனிக்கு வந்து, நகவெட்டியில்தான் வெளியேறும். புதிதாக வரும் நகத்தில் ஆரம்பத்தில் ஒரு குறுக்குக் கோடோ, சின்னப் பள்ளமோ இருக்கலாம். பெரும்பாலும் அதுவும் வளர்ந்து போய்விடும்.

இங்கேதான் முதல் நாள் எடுத்த போட்டோ உதவிக்கு வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே கோணத்தில் ஒரு போட்டோ எடுங்கள். ரத்தக்கட்டு என்றால் கறுப்புக்கும் தோல் மடிப்புக்கும் நடுவில் சுத்தமான புது நகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வேண்டும். கறுப்பு நுனியை நோக்கி நகர வேண்டும்.

அடிபடவே இல்லை, ஆனா கறுத்திருக்கா?

ரெக்கே பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் ஒரு கறுப்பு தெரிந்தது. கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைக்கப்பட்டது. அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்பது 1977-ல் தெரியவந்தது. விரலை எடுக்கச் சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. நோய் உடலில் பரவி, 1981 மே 11 அன்று, 36 வயதில் இறந்துபோனார்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நகத்தடி மெலனோமா அபூர்வமானது. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இருப்பதும் சகஜம். பெரும்பாலும் அவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் ஒரே ஒரு நகத்தில், அடி எதுவும் படாமல், புதிதாக ஒரு கறுப்புப் பட்டை தோன்றினால், அது நாளுக்கு நாள் அகலமானால், கறுப்பு நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் பரவினால், மாதக்கணக்கில் நகராமல் அதே இடத்தில் நின்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். 'எங்கேயோ இடிச்சிருப்போம்' என்ற சமாதானம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வேண்டாம்.

கால் நகம் கறுத்தால் முதலில் ஷூவைச் சந்தேகப்படலாம். இறுக்கமான ஷூவோடு ஓடும்போதும், மலையிலிருந்து இறங்கும்போதும் நகம் திரும்பத் திரும்ப ஷூ முனையில் இடித்து ரத்தம் கட்டும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிற ஷூவை வாங்குங்கள். நகத்தைக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். இதைச் செய்தும் கறுப்பு நகராமல் நின்றால், மேலே சொன்னது கால் நகத்துக்கும் பொருந்தும்.

நாளைக்கு வேலைக்குப் போகலாமா?

லேப்டாப் முன்னால் உட்காருகிறவர்கள் அந்த ஒரு விரலை விட்டுவிட்டு டைப் செய்து சமாளித்துவிடலாம். மெக்கானிக், டெய்லர், சமையல் மாஸ்டர், லோடு ஏற்றி இறக்குகிறவர்கள் நிலைமை வேறு. ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போகும். அதனாலேயே கிழிந்த விரலில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறவர்கள் அதிகம். காயத்துக்குள் எண்ணெயும் மாவும் தூசியும் போய், ஒரு வாரத்தில் சீழ் பிடித்து, ஒரு நாளுக்குப் பதிலாகப் பத்து நாள் உட்கார வேண்டிவரும். அப்பாவோ, அண்ணனோ, பக்கத்து ஒர்க்‌ஷாப் நண்பரோ இப்படி டேப் சுற்றிக்கொண்டு நின்றால், "ஒரு மணி நேரம் வாங்க, போய்ட்டு வந்துடலாம்" என்று வண்டியில் ஏற்றி அழைத்துப்போங்கள். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரேக்கும் ஊசிக்கும் பெரிய செலவு ஆகாது. கழுவி, படம் பார்த்து, ஒரு ஊசி போட்டு, சரியாக ஒரு கட்டு. அந்த விரல்தானே அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது!